அதே பாராசூட், அதே ஆள்... தரை மட்டும் ஏன் வேகமாக வருகிறது? காற்று மெலிந்தால் லேண்டிங்கில் என்ன நடக்கும்?

2020 அக்டோபர் 8. இந்திய விமானப்படையின் 88-வது ஆண்டு தினம். விங் கமாண்டர் கஜானத் யாதவா, வாரன்ட் ஆபீசர் ஏ.கே. திவாரி ஆகிய இருவரும் லடாக் வானில் சி-130ஜே விமானத்திலிருந்து குதித்தார்கள். இறங்கிய இடம், கார்துங் லா கணவாய். கடல்மட்டத்திலிருந்து 17,982 அடி உயரம் என்று விமானப்படை அறிவித்தது. (லடாக் பைக் ட்ரிப் போனவர்கள் அங்கே 18,380 என்ற பழைய போர்டுடன் செல்ஃபி எடுத்திருக்கலாம். ஜி.பி.எஸ். அளவீடுகள் இரண்டையும்விடக் குறைவாகச் சொல்கின்றன. அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.)

இந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. பாராசூட் சாதனை என்றாலே எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தார்கள் என்பதுதான் தலைப்பாக வரும். இங்கே சாதனையாக எண்ணப்பட்டது, அவர்கள் எவ்வளவு உயரத்தில் தரை இறங்கினார்கள் என்பது. குறைந்த ஆக்ஸிஜன், கரடுமுரடான மலை ஆகியவற்றோடு காற்றின் குறைந்த அடர்த்தியையும் ஒரு சவாலாக விமானப்படை தனியாகக் குறிப்பிட்டிருந்தது.

குதிப்பது ஓகே. இறங்குவதில் என்ன சாதனை? தரை எங்கே இருந்தாலும் தரைதானே?

இல்லை. பாராசூட்டைப் பொறுத்தவரை ஆக்ராவின் தரை வேறு, கார்துங் லாவின் தரை வேறு. ஆக்ராவிலேயே ஜனவரியின் தரை வேறு, மே மாதத்தின் தரை வேறு.

காற்றுக்கும் எடை உண்டு

ஒரு பீரோ அளவு இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோராயமாக ஒரு கன மீட்டர். கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், அதற்குள் இருக்கும் காற்றின் எடை 1 கிலோ 225 கிராம். காற்றுக்கு எடையே இல்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு இதுவே கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

பாராசூட் தாங்கி நிற்பது இந்த எடையைத்தான். குடை கீழே வரும்போது வழியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, காற்று திருப்பித் தள்ளுகிறது. தள்ளுவதற்குச் சரக்கு குறைவாக இருந்தால், அதே ஆளைத் தாங்க குடை இன்னும் வேகமாகக் காற்றில் பாய வேண்டும். வேறு வழி இல்லை.

கார்துங் லா உயரத்தில் அந்த பீரோவுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 700 கிராம்தான். கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்.

அப்படியானால் பாராசூட் இரண்டு மடங்கு வேகமாக விழுமா? அந்த அளவுக்குப் போகாது. தூக்குவிசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால், காற்று 57 சதவீதமாகக் குறையும்போது வேகம் சுமார் 32 சதவீதம் கூடினால் போதும், கணக்கு சரியாகிவிடும். கடல்மட்டத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பறக்கும் குடை, கார்துங் லாவில் 53 கி.மீ. வேகத்தில் பறக்கும்.

13 கி.மீ.தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் உடம்பு தரையில் மோதும்போது எலும்புகள் பார்ப்பது வேகத்தை அல்ல, ஆற்றலை. அதுவும் வேகத்தின் வர்க்கத்தில்தான் ஏறும். 32 சதவீதம் கூடுதல் வேகம் என்றால் 75 சதவீதம் கூடுதல் ஆற்றல்.

உயரம் மட்டுமா? வெயிலும்தான்

சூடானால் காற்று விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எவ்வளவு குறையும் என்பதற்கு ஆக்ராவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இந்தியாவின் பாராட்ரூப்பர்களுக்கு விமானப்படை பயிற்சி கொடுக்கும் பள்ளி அங்கேதான் இருக்கிறது. குளிரும் வெயிலும் இரண்டுமே உச்சத்துக்குப் போகும் ஊர்.

ஜனவரி அதிகாலை, 5 டிகிரி. ஒரு கன மீட்டர் காற்று 1 கிலோ 240 கிராம். மே மாத மதியம், 45 டிகிரி. அதே இடத்தில் 1 கிலோ 90 கிராம். சுமார் 12 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போய்விட்டது. இதனால் குடையின் வேகம் 7 சதவீதம் கூடும். மோதலின் ஆற்றல் 14 சதவீதம் கூடும். தரை ஒரு அடிகூட உயரவில்லை. வெயில் மட்டும்தான் ஏறியது.

விமானிகள் இதை ஒரே எண்ணில் அடக்கி வைத்திருக்கிறார்கள். 'டென்சிட்டி ஆல்டிடியூட்', அதாவது அடர்த்தி உயரம். நீங்கள் நிற்கும் இடம் எத்தனை அடி உயரம் என்பதை விட்டுவிட்டு, காற்று தன்னை எத்தனை அடி உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது என்று கேட்பது. அந்த இடத்தின் 'இயல்பான' வெப்பநிலையைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் தோராயமாக 120 அடி சேர்க்க வேண்டும். ஆக்ரா கடல்மட்டத்திலிருந்து 550 அடி அளவில்தான் இருக்கிறது. ஆனால் 45 டிகிரி மதியத்தில் அங்கே இருக்கும் காற்று, 4,000 அடிக்கும் மேலான ஒரு மலைவாசஸ்தலத்தின் காற்றைப் போல நடந்துகொள்ளும். குளிர் மட்டும் இருக்காது.

லே விமான நிலையத்துக்குப் போனவர்களுக்கு இது ஏற்கெனவே அறிமுகம். அங்கே பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து கிளம்பிவிடும். பிற்பகலில் மலைக்காற்று வலுக்கும் என்பது ஒரு காரணம். வெயில் ஏற ஏற, ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலிந்து விமானத்தின் இறக்கைக்குப் பிடிமானம் குறையும் என்பது இன்னொரு காரணம். பாராசூட்டுக்கும் இதே கதைதான். ஆனால் விமானத்துக்கு இன்ஜின் இருக்கிறது, பாராசூட்டுக்கு இல்லை.

ஈரப்பதம்? இதில் ஒரு சின்ன ஆச்சரியம் உண்டு. கசகசவென்று இருக்கும் கடலோரக் காற்று கனமானது என்றுதான் உடம்பு சொல்லும். உண்மையில் நீராவி மூலக்கூறு, நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைவிட லேசானது. ஈரக் காற்று, உலர்ந்த காற்றைவிட எடை குறைவு. ஆனால் 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் உச்சத்தில் இருந்தாலும் அடர்த்தி 2 சதவீதம்தான் குறையும். வேகத்தில் 1 சதவீதம். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு வகைக் குடை, இரண்டு வகை அடி

பழைய போர்ப் படங்களில் காளான் மாதிரி வருமே, அது வட்டக் குடை. அது பறப்பதில்லை. விழுகிறது, மெதுவாக. ராணுவங்கள் கூட்டமாக வீரர்களை இறக்க இன்றும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. அமெரிக்க ராணுவம் நீண்ட காலம் வைத்திருந்த டி-10 குடை, கனமான வீரரை நொடிக்கு சுமார் 24 அடி வேகத்தில் இறக்கும். 9 அடி சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். அதற்குப் பதிலாக வந்த டி-11 இதை நொடிக்கு 19 அடியாகக் குறைத்தது. சுவரின் உயரம் ஐந்தரை அடியாக இறங்கிவிட்டது. நொடிக்கு 5 அடி குறைக்கத்தான் புதிய, பெரிய குடையே வடிவமைத்தார்கள்.

இப்போது அந்தப் பழைய டி-10 குடையை கார்துங் லாவுக்குக் கொண்டு போனால்? கணக்குப்படி நொடிக்கு 32 அடி வேகம் வரும். கிட்டத்தட்ட ஒன்றரை மாடியிலிருந்து குதிப்பது மாதிரி. கீழே பாறை. பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்று அடியைப் பகிர்ந்துகொண்டு உருளும் பயிற்சியை வீரர்கள் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஆனால் அந்த உருளலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

இன்னொரு வகை, ஸ்கைடைவர்கள் பயன்படுத்தும் செவ்வகக் குடை. 'கேனப்பி' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். முன்பக்கம் திறந்த, காற்று புகுந்து விரியும் மெத்தை மாதிரி இருக்கும். இது விழுவதில்லை, இறக்கையைப் போலப் பறக்கிறது. கார்துங் லாவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் இறங்குவது போன்ற வேலைகளுக்கு இப்படித் திசைதிருப்பக்கூடிய குடைதான் வேண்டும்.

பறப்பதால் இதற்கு ஒரு பிரேக் உண்டு. இரண்டு கைகளிலும் 'டாகிள்' எனப்படும் பிடிகள். தரைக்குச் சில அடிகள் இருக்கும்போது இரண்டையும் ஒருசேரக் கீழே இழுத்தால் குடையின் பின்விளிம்பு மடங்கும். முன்னோக்கிப் போகும் வேகம் ஒரு கணம் தூக்குவிசையாக மாறும், இறக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். பேருந்திலிருந்து இறங்குவதுபோல இரண்டடி ஓடி நின்றுவிடலாம். இதற்குப் பெயர் 'ஃபிளேர்'. பறவைகள் கிளையில் உட்காரும்போது செய்வது இதுதான்.

ஃபிளேர் சரியாக அமைந்தால் அடியே படாது. அப்படியானால் மெலிந்த காற்றில் மட்டும் என்ன பிரச்னை?

கை சொல்லும் பொய்

மெலிந்த காற்றில் குடை 'தளர்வாக' இருக்கும், 'ஒரு மாதிரி' இருக்கும், கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும் என்று தோன்றலாம். தெரியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

டாகிளை இழுக்கும்போது கையில் உணரும் கனம், காதில் கேட்கும் காற்றின் இரைச்சல், முகத்தில் அறையும் அழுத்தம் எல்லாமே காற்றின் அடர்த்தியும் வேகமும் சேர்ந்த ஒரு கூட்டுத்தொகை. அடர்த்தி குறைந்தது, வேகம் கூடியது, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. குடை அதே எடையைத் தாங்குகிறது, எனவே அதே அழுத்தத்தில்தான் பறக்கிறது. கையும் காதும் எல்லாம் வழக்கம்போல இருப்பதாகவே சொல்லும். கண்ணுக்கு மட்டும் தரை வேகமாக ஓடுவது தெரியும். அதுவும் தரைக்கு அருகில் வந்த பிறகுதான்.

சறுக்கும் கோணமும் மாறாது. கடல்மட்டத்தில் ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் முன்னே போகும் குடை, காற்றடிக்காத நாளில் மலையிலும் அதே பாதையில்தான் வரும். அதே பாதையை வேகமாகக் கடக்கும், அவ்வளவுதான். கடைசி ஆயிரம் அடியை இறங்க ஒரு நிமிடம் கிடைத்தவருக்கு கார்துங் லா உயரத்தில் 45 நொடிதான் கிடைக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எங்கே திரும்ப வேண்டும், குறுக்கே யார் வருகிறார் என்று யோசிக்கும் நேரத்தில் கால்வாசி போய்விட்டது.

ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுவும் இல்லை. திருப்பம்.

ஒரு குடை திரும்பும்போது சாய்கிறது, சாயும்போது உயரத்தை இழக்கிறது. மெலிந்த காற்றில் அதே சாய்வில் திரும்பினால் வளைவு பெரிதாகும், முடிக்க நேரம் அதிகமாகும், அந்த நேரம் முழுவதும் குடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும். நேரமும் கூடுகிறது, இறக்கமும் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் உயர இழப்பு 32 சதவீதத்தில் நிற்காது, 75 சதவீதத்துக்குப் போய்விடும். கடல்மட்டத்தில் 100 அடியில் முடிந்த ஒரு திருப்பம், கார்துங் லாவில் 175 அடியைத் தின்னும்.

பல வருடம் ஒரே இடத்தில் குதித்துப் பழகியவரின் கண்ணுக்கும் கைக்கும் அந்த 100 அடி மனப்பாடம் ஆகியிருக்கும். உயரமானியைப் பார்க்காமலே 'இங்கே திரும்பலாம்' என்று உடம்பு சொல்லும். புதிய இடத்தில் அதே உடம்பு 75 அடி தவறாகச் சொல்லும். 75 அடி என்பது ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம்.

ஸ்கைடைவிங் விபத்துகள் என்றால் பாராசூட் விரியாமல் போவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். விபத்து அறிக்கைகளைப் படித்தால் வேறொன்றும் திரும்பத் திரும்ப வரும். குடை சரியாக விரிந்திருக்கும், ஒரு கயிறும் சிக்கியிருக்காது. தரைக்கு அருகில் எடுத்த ஒரு திருப்பம் முடிவதற்குள் தரை வந்திருக்கும்.

கார்துங் லா வரை போக வேண்டாம்

இதெல்லாம் விமானப்படை வீரர்களுக்கான பிரச்னை, சாதாரண ஆட்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் வார இறுதிகளில் குதிக்கும் ஆட்களை எடுத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவின் டிலேண்ட், ஸ்கைடைவிங் உலகில் பிரபலமான ஊர். கடல்மட்டத்திலிருந்து நூறு அடிகூட இல்லை. கொலராடோவின் லாங்மாண்ட்டிலும் குதிக்கிறார்கள். அங்கே விமானத்தளம் இருப்பது 5,055 அடியில்.

ஒருவர் டிலேண்டில் 15 டிகிரி குளிர்காலக் காலையில் குதித்துப் பழகுகிறார். ஜூலையில் நண்பர்களைப் பார்க்க லாங்மாண்ட் போகிறார். வெயில் 35 டிகிரி. அங்கே அந்த மதியத்தின் அடர்த்தி உயரம் 8,500 அடியைத் தாண்டிவிடும். அதே குடை, அதே ஆள். வேகம் 13 சதவீதம் கூடுதல். திருப்பத்தில் இழக்கும் உயரம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல். போர்டிங் பாஸில் இது எங்கேயும் எழுதியிருக்காது.

நம் ஊர் ஆட்களுக்கு நெருக்கமான உதாரணம், ஹிமாச்சலின் பீர் பில்லிங். இன்ஸ்டாகிராமில் பாதிப் பேர் அங்கே பாராகிளைடிங் போய்வந்துவிட்டார்கள். கிளம்பும் இடம் சுமார் 2,400 மீட்டர். பாராகிளைடரும் காற்றடைத்த துணி இறக்கைதான், இதே கணக்குதான் பொருந்தும். கடல்மட்டத்தைவிட 12 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடினால்தான் அங்கே இறக்கை தூக்கும். பின்னால் இருக்கும் பைலட் 'ஓடு, ஓடு, உட்காராதே' என்று கத்துவதில் இந்த 12 சதவீதமும் சேர்ந்திருக்கிறது.

ஃபிளேர் எங்கே சொதப்பும்?

வேகமாக வரும் குடையை நிமிர்த்த அதிக உயரம் வேண்டும். பழகிய உயரத்திலேயே டாகிளை இழுத்தால், குடை நிமிர்ந்து முடிப்பதற்குள் கால் தரையில் இருக்கும். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இன்னும் மோசம். தரை வேகமாக ஓடுவதைக் கண் பார்த்துப் பயந்துவிடும். 'ரொம்ப ஸ்பீடா போறோம்' என்று மூளை சொல்ல, கை முன்கூட்டியே பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். ஆனால் குடையைப் பொறுத்தவரை அது வேகமாகப் போகவில்லை, பறக்கத் தேவையான வேகத்தில்தான் போகிறது. அதைக் குறைத்தால் ஸ்டால் ஆகும். அதாவது குடை பறப்பதை நிறுத்திவிட்டுச் சரியும். பத்துப் பதினைந்து அடி உயரத்தில் அது நடந்தால் முதுகெலும்புக்கு நல்லதல்ல. உயரமான விமான நிலையங்களில் சிறு விமானங்களின் பைலட்கள் விழும் குழியும் இதுவே. அவர்களுக்கு வேகமானி இருக்கிறது, அதை நம்பு, ஜன்னலை நம்பாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பாராசூட்டில் வேகமானி கிடையாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஃபிளேரின் முடிவில் மிச்சமிருக்கும் வேகமும் அதே 32 சதவீதம் கூடுதலாகவே இருக்கும். கடல்மட்டத்தில் மெல்ல ஓடி நிற்கலாம் என்றால், மேலே நன்றாகவே ஓட வேண்டும். கார்துங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி. கனமான உடை, முதுகில் சுமை, காலடியில் கல். ஓடுங்கள் பார்க்கலாம்.

வெயிலின் இன்னொரு கை

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சமவெளியில், ஒரே ஊரில், வெயிலால் மட்டும் கூடும் வேகம் 7 சதவீதம் அளவுதான். அனுபவமுள்ளவர் இதைச் சமாளித்துவிடுவார். அதே வெயில் தரையைச் சுட்டு, அங்கிருந்து கிளப்பிவிடும் காற்றுக் குமிழிகள்தான் பெரிய தலைவலி. தார் ரோடு, வெறும் மண், கான்கிரீட் ஓடுபாதை ஆகியவற்றின் மேல் காற்று எழும்பும். பக்கத்துப் புல்வெளியின் மேல் அமுங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குடை நுழையும் இடம் பெரும்பாலும் தரைக்கு மிக அருகில், சரியாக ஃபிளேர் செய்யும் நேரத்தில் வரும். மதிய நேரத்தில் மைதானத்தில் சருகையும் புழுதியையும் சுழற்றிக்கொண்டு போகும் சூறைக்காற்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மாட்டிய குடை துணியாகச் சுருங்கிவிடும். காற்று அடைத்திருக்கும்வரைதான் அது இறக்கை.

எனவே அதிகாலையில் குதிப்பதை விரும்புகிறார்கள் என்றால் முதல் காரணம் காற்றின் அமைதி. அடர்த்தி இரண்டாவது காரணம்.

அப்படியானால் குளிர்தான் பாதுகாப்பானதா? குடைக்கு ஆம். அடர்த்தியான காற்று, மெதுவான லேண்டிங். ஆனால் குளிருக்கும் ஒரு தந்திரம் தெரியும். மணிக்கட்டில் கட்டும் உயரமானி, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறது. குளிர்ந்த காற்று சுருங்கியிருப்பதால் உயரமானி காட்டுவதைவிட உண்மையான உயரம் குறைவாக இருக்கும். வெப்பநிலை இயல்பைவிட 10 டிகிரி குறைந்தால் சுமார் 4 சதவீதப் பிழை. கடல்மட்டத்தில் மைனஸ் 10 டிகிரி நாளில், உயரமானி 1,000 அடி என்று சொல்லும்போது காலுக்குக் கீழே 900 அடிதான் இருக்கும். இத்தோடு விறைத்த விரல்களும் தடித்த கையுறையும் சேர்ந்துகொள்ளும்.

என்ன செய்கிறார்கள்?

முதல் தீர்வு, பெரிய குடை. காற்று 57 சதவீதம்தான் இருக்கிறது என்றால், பழைய வேகத்திலேயே இறங்க ஒன்றேமுக்கால் மடங்கு பரப்பு வேண்டும். சமவெளியில் 200 சதுர அடிக் குடையில் குதிப்பவருக்கு 350 சதுர அடி. பயிற்றுநரும் வாடிக்கையாளரும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் குடையின் அளவு அது. ஒரே ஆளுக்கு இரண்டு பேருக்கான குடை! 2008-ல் எவரெஸ்ட் பகுதியில் ஸ்கைடைவிங் நடந்தபோது இறங்குதளமாக இருந்தது சியாங்போச்சே, சுமார் 3,780 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஓடுபாதை. அங்கேயும் வழக்கத்தைவிடப் பெரிய குடைகளைத்தான் எடுத்துப் போனார்கள்.

பெரிய குடைக்கு விலையும் உண்டு. பை கனக்கும். காற்று பலமாக அடித்தால் முன்னேறாமல் தத்தளிக்கும், சில நேரம் பின்னோக்கியே இழுக்கும். மலைக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, திருப்பங்களை மேலேயே முடித்துவிடுவது. இறங்கும் முன் மைதானத்தைச் சுற்றி பெட்டி வடிவில் போடும் பாதையில், சமவெளியில் 1,000, 600, 300 அடிகளில் திரும்பப் பழகியவர் மேட்டு நிலத்தில் இந்த எண்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். கடைசி 300 அடியில் நேர்கோடு மட்டும். 'ஸ்வூப்' என்று சொல்லப்படும் வேகமான, பார்க்க அழகான தாழ்வுத் திருப்பத்தைப் புதிய இடத்தில் முதல் நாளே போட்டுக் காட்ட நினைப்பதைப்போல ஒரு கெட்ட யோசனை இல்லை.

மூன்றாவது, விமானம் ஏறும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு ஆயிரம் அடி அடர்த்தி உயரத்துக்கும் வேகம் சுமார் ஒன்றரை சதவீதம் கூடும், திருப்பத்தில் இழக்கும் உயரம் 3 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொண்டால் தாழ்வான இடங்களுக்குப் போதும். உயரம் கூடக்கூட இந்த எண்களும் கொஞ்சம் கூடும். இன்றைய வெப்பநிலை போனில் இருக்கிறது, மைதானத்தின் உயரம் போர்டில் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

ராணுவத்துக்கு இது தேர்வு அல்ல, தேவை. லடாக்கில் தவுலத் பேக் ஓல்டி ஓடுபாதையே 16,600 அடியில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் வீரர்களை இறக்க வேண்டியிருந்தால், வெளிநாட்டுச் சமவெளிகளில் சோதிக்கப்பட்ட குடையின் அட்டவணை உதவாது. 2025 அக்டோபரில் டி.ஆர்.டி.ஓ. உள்நாட்டிலேயே உருவாக்கிய போர்ப் பாராசூட் அமைப்பு 32,000 அடியிலிருந்து குதித்துச் சோதிக்கப்பட்டது. தலைப்புகளில் வந்தது அந்த 32,000 அடி. அதன் சிறப்புகளாகச் சொல்லப்பட்ட பட்டியலில் 'குறைவான இறக்க வேகம்' என்பதும் ஒன்று. குதிப்பவருக்கு அந்த வரிதான் முக்கியம்.

காற்று இன்னும் மெலிந்தால்?

செவ்வாய்க் கிரகத்தில் அந்த பீரோ அளவு இடத்தில் இருக்கும் காற்று சுமார் 20 கிராம்தான். 2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் அங்கே இறங்கியபோது விரித்த பாராசூட்டின் விட்டம் 21.5 மீட்டர். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 40 சதவீதம்கூட இல்லை. இவ்வளவு பெரிய குடை, இவ்வளவு குறைந்த ஈர்ப்பு இருந்தும், அதனால் ரோவரின் வேகத்தை மணிக்கு சுமார் 320 கி.மீ. வரைதான் குறைக்க முடிந்தது. அதற்குமேல் குடையை நம்பிப் பிரயோஜனம் இல்லை. பாராசூட்டைக் கழற்றிவிட்டு, மீதி தூரத்துக்கு ராக்கெட்டுகளை எரித்துத்தான் இறக்கினார்கள்.